எல்லா வீட்டுக்கும் ஆயிரம்

கல்முனைக்குடி
2023.02.09

அன்புத் தம்பி அஹ்ஸனுக்கு ராத்தாவின் ஸலாம்.

உன்னையும் றுக்ஸானாவையும் பிள்ளைகளையும் அல்லாஹ் நோய் நொடி அண்டாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே நானும் மகள் நஸ்லாவும் உன் மச்சானும் இருக்கிறோம். மச்சானுக்கு நெல் ஆலைத் தூசி நெஞ்சில் கட்டிய அந்தப் பழைய இருமல்தான். வேறொன்றுமில்லை.

ஃபோன் இருக்க இவளுக்கு ஏன் கடிதம் என்று நீ சிரிப்பாய். எங்கள் வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவில் அரைச் சுவர்தான். மச்சான் இப்போது பகலிலும் படுத்திருக்கிறார். நான் ஃபோனில் கதைத்தால் ஒரு சொல் விடாமல் அவருக்குக் கேட்கும். சில சங்கதிகளை அவர் காதில் போடாமல் கதைக்க எனக்கு இந்தத் தாள்தான் இருக்கிறது. நீயும் கடிதமே எழுது.

ஒரு செய்தி. நம் பள்ளிவாசலின் கரண்டு பில் ஏறிவிட்டது, ஓதிக்கொடுக்கும் மௌலவிக்குச் சம்பளமும் நிலுவை. வீடு வீடாகச் சந்தா எடுக்கப் போகிறார்கள். யாரிடம் எவ்வளவு எடுப்பது என்று சண்டை. கடைசியில் பள்ளி நிர்வாக சபையில் இருக்கும் எங்கள் குடி மரைக்கார் மீராமுகைதீன் காக்கா, "கொழும்பில நம்மட அஹ்ஸன் இரிக்கார், வரிக் கணக்கில புலி, அவர்ட்டக் கேப்பம்" என்று முடித்து வைத்தாராம். உனக்கு ஃபோன் எடுப்பார். உன் பேர் பள்ளியில் அடிபடுவது எனக்குப் பெருமை.

உன்னிடம் நானும் ஒன்று கேட்க இருக்கிறேன். அதை அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

துஆவுடன்,
ராத்தா ஹுஸ்னியா

*

தெமட்டகொட
2023.02.24

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம். நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சுகம். மச்சானை இஞ்சி போட்டு வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்.

சுகம் என்று எழுதினேனே தவிர மனம் சுகமில்லை. ஜனவரியிலிருந்து புது வருமான வரி. மாதச் சம்பளத்தில் முதல் ஒரு லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேலே ஆறு வீதம், பன்னிரண்டு, பதினெட்டு என்று படிப்படியாக ஏறி முப்பத்தாறில் போய் நிற்கிறது. அந்த மேல் படியில் நான் நிற்கிறேன். நான் கடைசியாக உழைக்கும் நூறு ரூபாயில் முப்பத்தாறு என்னுடையது இல்லை. கூடப் படித்தால், கூட நேரம் வேலை செய்தால், கூடத் தண்டனை. இது எந்த ஊர் நியாயம்? ஒரே வீதம் போடட்டும். எல்லோருக்கும் பத்து என்றால் பத்து. கூட உழைக்கிறவன் கூடத்தானே கட்டுவான், வீதத்தையும் ஏன் ஏற்ற வேண்டும்?

வீட்டு வாடகை, வாகனத் தவணை, பிள்ளைகளின் பாடசாலைக் காசு எல்லாம் கட்டிய பிறகு கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, ராத்தா. றுக்ஸானா தன் தங்கச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்த சிறு தொகையையும் நிறுத்திவிட்டாள். வெளியில் பார்த்தால் பெரிய உத்தியோகம், உள்ளே இதுதான் நிலை.

மரைக்கார் கதைத்தார். சந்தாத் திட்டத்தை நான் செய்து கொடுக்கிறேன். அரசாங்கம் செய்யத் தெரியாததை நம் பள்ளிவாசலாவது செய்யட்டும்.

என்னவோ கேட்க இருப்பதாக எழுதினீர்கள். தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன் தம்பி,
அஹ்ஸன்

*

கல்முனைக்குடி
2023.03.12

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்தது. உன் கஷ்டத்தைப் படித்து எனக்கு மனம் கலங்கியது. பெரிய சம்பளத்துக்கும் பெரிய தலையிடி இருக்கிறது என்று நஸ்லாவிடம் சொன்னேன்.

கேட்க இருந்தது ஒன்றுமில்லை. நோன்புக்குக் கருவாடு அனுப்பவா என்று கேட்கத்தான். நெத்தலி பெரியநீலாவணையில் நல்லதாகக் கிடைக்கிறது.

சந்தா விசயத்தில் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு இருக்கிறது. ஆம்பிளைக்கு உடம்பு ஏலாது, வேலையை விட்டு வருடமாகிறது. பொம்பிளை விடியுமுன் எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு கடைக்குக் கொடுக்கிறாள். மா விலையும் காஸ் விலையும் போக அன்றன்றைக்கு அடுப்பெரியும், அவ்வளவுதான். அந்த ஒழுங்கை முகப்பில்தான் பஸால் ஹாஜியாரின் மூன்று மாடி வீடும். சம்மாந்துறையில் அவருக்கு ஆலை, வயல், நாலு ட்ராக்டர். உன் மச்சான் அந்த ஆலையில்தானே இருபது வருடம் மூட்டை தூக்கினார். இந்த இரண்டு வீட்டையும் ஒரே தராசில் வைக்க ஏலுமா? கொஞ்சம் யோசித்துச் செய்.

மா அரிக்க வேண்டும். நிறுத்துகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

ராத்தா

*

தெமட்டகொட
2023.03.27

அன்பு ராத்தாவுக்கு,

நோன்பை நலமாகப் பிடிக்க அல்லாஹ் உங்களுக்குப் பலம் தர வேண்டும். கருவாடு வேண்டாம், பஸ்ஸில் அனுப்பினால் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் நாள் முழுக்க மூக்கைப் பிடிக்கும்.

திட்டத்தை முடித்து மரைக்காருக்கு அனுப்பிவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய். பெரிய வீடு, சின்ன வீடு கிடையாது. கணவன் மௌத்தாகி விதவையான பெண்களின் வீட்டுக்கு மட்டும் விலக்கு. மூன்று மாதம் கட்டாவிட்டால் அந்த வீட்டின் பள்ளி இலக்கம் அறிவித்தல் பலகையில் போடப்படும். பேர் போடுவதில்லை, இலக்கம் மட்டும். நிலுவை தீரும்வரை அந்த வீட்டுக் கலியாணத்துக்குப் பள்ளிவாசல் கடிதம் கிடையாது.

நீங்கள் சொன்னதை யோசிக்காமல் இல்லை. வருமானத்தைப் பார்த்து எடுப்போம் என்று வையுங்கள். யார் உண்மை சொல்வார்? ஹாஜியார் தன் ஆலை நட்டத்தில் ஓடுகிறது என்று சத்தியம் செய்வார். சம்பளச் சீட்டு இருக்கிற ஏழை வாத்தியார்தான் மாட்டுவார். அரசாங்கத்திடம் நான் மாட்டியது போல. அதோடு, ஏழையிடம் போய் உன் வருமானத்தைச் சொல் என்று கேட்பது அவனை அவமதிப்பது. ஒரே தொகை என்றால் யாருடைய ஏழ்மையும் வெளியே வராது. தொழுகையில் எல்லோரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம், சந்தாவிலும் நிற்போம். ஸகாத்தே எல்லோருக்கும் நூற்றுக்கு இரண்டரைதானே? பணக்காரனுக்கு ஐந்து என்று மார்க்கம் சொல்லவில்லையே.

மச்சானின் இருமல் எப்படி?

தம்பி அஹ்ஸன்

*

கல்முனைக்குடி
2023.05.03

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். பெருநாள் முடிந்து பதில் எழுதுவோம் என்று இருந்தேன், நாள் ஓடிவிட்டது. உங்கள் பெருநாள் எப்படி? எங்களுக்கும் பெருநாள் வந்து போனது.

உன் திட்டத்தை நோன்பு இரவுத் தறாவீஹ் தொழுகைக்குப் பிறகு வாசித்தார்களாம். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. பஸால் ஹாஜியார்தான் முதலில் எழும்பி, "இதான் நியாயம், படிச்ச புள்ளட மூளையப் பாருங்க" என்றாராம். அவர் அங்கேயே ஒரு வருடக் காசைக் கட்டிவிட்டார். பன்னிரண்டாயிரம். அவர் மகளின் கலியாணத்தில் வாசலில் போட்ட வாழைக்கும் தோரணத்துக்கும் அதைவிடக் கூடச் செலவு.

நீ எழுதியதை நான் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த ஸகாத் பகுதியை மட்டும். அவர் நெடுநேரம் மூச்சு வாங்கிவிட்டு, "மழைத்தண்ணியில விளைஞ்ச வெள்ளாமைக்குப் பத்தில ஒண்டு, இறைச்சுப் பாச்சினதுக்கு இருபதில ஒண்டு. கஷ்டப்பட்டவனுக்குப் பாதி. இதையும் மார்க்கம்தானே சென்ன, தம்பிக்குத் தெரியாதா?" என்றார். பிறகு சிரித்தார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும், அதனால் நான் சிரிக்க விடுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டரை என்பது வீதம். ஆயிரம் என்பது தொகை. ஸகாத்திலும் இல்லாதவனிடம் ஒன்றும் எடுப்பதில்லை. உனக்கும் அரசாங்கம் முதல் ஒரு லட்சத்தைத் தொடவில்லை என்று நீதான் எழுதினாய். அந்த இடியப்பக்காரிக்கு நீ ஆயிரத்தைக்கூடத் தொடாமல் விடவில்லையே, தம்பி.

சும்மா கேட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ராத்தா

*

தெமட்டகொட
2023.05.20

அன்பு ராத்தாவுக்கு,

உங்கள் எல்லோருக்கும் ஸலாம். உங்களோடு வழக்காட எனக்குப் பிடித்திருக்கிறது. அலுவலகத்தில் இப்படி ஒருவரும் கதைப்பதில்லை.

மச்சானின் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அந்தக் காலத்தில் நெல் களத்து மேட்டில் குவிந்து கிடந்தது, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இன்றைக்கு ஹாஜியாரின் காசு எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கண்ணுக்குத் தெரியாததை அளக்கப் போனால் பொய்தான் வளரும். நான் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை அளவாக வைத்தேன். அது வீடு.

அந்த இடியப்பக்காரிக்கு உண்மையில் ஏலாதென்றால் சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதட்டும். கிராம சேவகரின் கையொப்பத்தோடு கொடுத்தால் விட்டுவிடுவார்கள். அல்லது பேரை எனக்குச் சொல்லுங்கள், மூன்று மாதக் காசை நானே கட்டுகிறேன். யார் கட்டியது என்று தெரிய வேண்டியதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர நினைத்தோம். பெற்றோல் விலைக்கு அது நடக்கிற காரியமில்லை. குறை நினைக்காதீர்கள்.

தம்பி அஹ்ஸன்

*

கல்முனைக்குடி
2023.07.14

தம்பிக்கு ஸலாம்.

எல்லோரும் சுகம்தானே?

பேரைச் சொல்ல ஏலாது. சொன்னால் அவளுக்கு மிஞ்சியிருப்பதும் போய்விடும். விண்ணப்பமும் எழுத மாட்டாள். சபையில் இருப்பவர்கள் எல்லாம் அவள் புருஷனோடு ஒன்றாக ஓதியவர்கள், ஒன்றாகப் பந்தடித்தவர்கள். நான் ஏழை என்று அவர்கள் முன்னால் எழுதி, அதற்கு ஆளைப் பிடித்துக் கையொப்பமும் வாங்கச் சொல்கிறாய்.

பலகையில் இலக்கம் போட்டுவிட்டார்கள். பதினொரு வீடு. இலக்கம் மட்டும் என்றாயே, இங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் யார் வீட்டு இலக்கம் எது என்று தெரியும். அவள் கடைக்கு இடியப்பம் கொண்டுபோகும் வழி பள்ளிக்கு முன்னால். இப்போது கடற்கரைப் பக்கத்தால் சுற்றிப் போகிறாள். புருஷன் ஜும்ஆவுக்கும் போவதில்லை. மூச்சு வாங்குகிறது என்கிறார், அது உண்மைதான். ஆனால் முன்பு மூச்சு வாங்கியபோதும் முச்சக்கர வண்டியில் போனார். ஆஸ்பத்திரியில் அவருக்கு வாயால் இழுக்கிற மருந்துப் பம்ப் எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று வாங்கினார்கள். அது முடிந்துவிட்டது.

இங்கே நாங்கள் சுகம். மச்சானுக்குச் சளி கொஞ்சம் கூட. நஸ்லாவுக்கு ஒரு சம்பந்தம் கதைத்து வந்தார்கள், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு என்ன வயதா போய்விட்டது.

ராத்தா

*

தெமட்டகொட
2023.08.05

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு உண்மையில் கோபம் வந்தது. நான் ஒருவருக்கும் துரோகம் செய்யவில்லை. நீங்கள் ஒரு வீட்டை வைத்து அறுநூறு வீட்டின் நியாயத்தை அளக்கிறீர்கள். மரைக்கார் சொல்கிறார், கரண்டு பில் கட்டி முடிந்தது, மௌலவிக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று, பதினொரு வீட்டைத் தவிர எல்லோரும் கட்டுகிறார்கள் என்று. இதைவிட என்ன வேண்டும்? ஒரு பொம்பிளையின் வெட்கத்துக்கு நான் எப்படிக் கணக்குப் போடுவது?

எனக்காகவும் கொஞ்சம் கவலைப்படுங்கள். என் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறார்கள், கேட்க ஒரு நாதியில்லை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். நானும் விண்ணப்பித்திருக்கிறேன். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நஸ்லாவின் சம்பந்தத்தை ஏன் தட்டினீர்கள்? மச்சானுக்குச் சளி என்றால் கல்முனையில் நல்ல தனியார் வைத்தியர் இருக்கிறார், காட்டுங்கள். இதில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது.

பதில் போடுங்கள். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

தம்பி அஹ்ஸன்

*

தெமட்டகொட
2023.09.21

ராத்தாவுக்கு,

ஸலாம் சொல்லவே நா கூசுகிறது. மச்சானை இழந்து இத்தாவில் இருக்கும் உங்களுக்கு அல்லாஹ் பொறுமையைத் தர வேண்டும். மச்சானின் கபுறை அவன் விசாலமாக்க வேண்டும்.

நான் வந்து சேர்ந்தபோது மச்சானை அடக்கி ஒரு நாள் ஆகிவிட்டது. உங்கள் முன்னால் உட்கார்ந்தும் கதைக்க முடியவில்லை. நீங்களும் சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நம் ஊரில் பெண் எடுத்தவன் பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறான். பெண்ணின் பள்ளிதான் அவன் பள்ளி, அங்கே அடக்கும் மையவாடிதான் அவன் மண். இருபத்திரண்டு வருடம் கல்முனைக்குடியில் இருந்த மச்சானை ஏன் விடிய முன் வேனில் ஏற்றி அவர் பிறந்த சம்மாந்துறைக்குக் கொண்டுபோனார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நஸ்லாவிடம் கேட்டேன். அவள் அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். பலகைக்கு முன்னால் நின்றேன். நான் எழுதிய விதி, நான் சொன்ன எழுத்து அளவு. 214 யாருடைய வீடு என்று பாங்கு சொல்லும் முஅத்தினிடம் கேட்டேன். ஏன் அந்த இலக்கத்தைக் கேட்டேன் என்று தெரியவில்லை, கண்ணுக்கு நேரே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட ராத்தாடதான்" என்றார்.

மரைக்கார் அங்கேயே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஜனாஸாவுக்கு ஆரு தம்பி சந்தா பாக்கிற? ஒரு சொல் செல்லி அனுப்பியிருந்தா பள்ளிச் சந்தூக்குப் பெட்டியை நாங்களே தோளில தூக்கிட்டு வந்திருப்பமே. உங்கட மச்சான் கச்சிமுகம்மது எங்கட ஆள் இல்லியா?" என்றார்.

ராத்தா, அந்த இடியப்பக்காரி நீங்கள்தானா? பம்ப் முடிந்துபோனது மச்சானுக்கா? முதல் கடிதத்தில் கேட்க வந்தது அதைத்தானா? நான் உங்களுக்கு இஞ்சித் தண்ணீர் எழுதினேன்.

சந்தாத் திட்டத்தை மாற்றச் சொல்லிச் சபைக்கு எழுதிவிட்டேன். இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை, நடுத்தர வீட்டுக்கு ஐந்நூறு, ஆலைக்காரனுக்குப் பத்தாயிரம். உங்களுக்கு மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

அஹ்ஸன்

*

கல்முனைக்குடி
2023.10.10

கண்ணியமிக்க சகோதரர் அஹ்ஸன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் குடும்பத்தார் அனைவரின் நலனுக்கும் பிரார்த்திக்கிறோம். தங்கள் கடிதம் சபையில் வாசிக்கப்பட்டது. தற்போதைய திட்டம் நன்றாக நடப்பதாலும், வீடுகளைத் தரம் பிரித்தால் மனஸ்தாபம் வரும் என்பதாலும் மாற்றம் அவசியமில்லை எனச் சபை முடிவு செய்தது. சகோதரர் பஸால் ஹாஜியார் தங்கள் பழைய அறிக்கையிலிருந்தே, "ஏழையிடம் வருமானத்தைக் கேட்பது அவனை அவமதிப்பது" என்ற வரியை வாசித்துக் காட்டினார். எல்லோரும் ஏற்றுக்கொண்டனர்.

தம்பி, இது நான் சொந்தமாக எழுதுவது. எனக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் பதினொரு பேரில் ஒருவரும் அங்கே வந்து வாய் திறக்கவில்லை. வராதவர்களுக்காக நான் ஒருவன் எவ்வளவு கதைக்க?

இப்படிக்கு,
மீராமுகைதீன் மரைக்கார்

*

கல்முனைக்குடி
2023.11.02

அன்புத் தம்பி அஹ்ஸனுக்கு ராத்தாவின் ஸலாம்.

நீயும் றுக்ஸானாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் வெளியே போகாமல் இத்தா அறையில் இருக்கிறேன். இடியப்பத்தை நஸ்லா அவிக்கிறாள், என்னைவிட மெல்லிசாகப் பிழிகிறாள். கடைக்கு அவளே கொண்டுபோகிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். பம்ப் வாங்க உதவி கேட்கத்தான் பெப்ரவரியில் எழுதத் தொடங்கினேன். உன் பதிலில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று இருந்தது. அதற்கு மேல் நான் எப்படிக் கேட்பது? நீ பொய் சொன்னாய் என்று நினைக்கவில்லை. உனக்கு மேல் படியில் நின்று மூச்சு வாங்கியது, எங்களுக்குக் கீழே. உன் மூச்சுத்தான் உனக்குக் கேட்டது.

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. மச்சானை நினைக்கும்போதெல்லாம் வருகிறது, பிறகு நீ சின்னப் பிள்ளையாக என் இடுப்பில் இருந்தது ஞாபகம் வருகிறது, போகிறது, திரும்பவும் வருகிறது.

மச்சானைச் சம்மாந்துறைக்கு அனுப்பியது நான். யாரும் சொல்லவில்லை. அவர் மௌத்தாவதற்குக் கொஞ்சம் முன், "பள்ளியில அறிவிக்கச் சொல்லாத புள்ள, பலகையில இரிக்கிறவன்ட பேரை மைக்கில செல்றதுக்கு அவங்களுக்கும் சங்கடம்" என்றார். அவருக்குப் பயமில்லை, மானம்தான். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். அவர் தாய் பெற்ற ஊரில் அவருக்கு நிலுவை ஏதும் இல்லை. மரைக்கார் காக்கா வந்து கதவுக்கு வெளியே நின்று அழுதபோதுதான், கேட்டிருந்தால் இங்கேயே இடம் கொடுத்திருப்பார்கள் என்று தெரிந்தது. இனி அதைத் தெரிந்து என்ன. நான் இங்கே ஒரு மண்ணில் கிடப்பேன், அவர் அங்கே ஒரு மண்ணில் கிடக்கிறார். அந்தத் தவறை நான்தான் சுமக்க வேண்டும், அதை உன் தலையில் போட மாட்டேன்.

எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்டாய். தொகை நான் சொல்ல மாட்டேன். உன்னால் ஏலுமானதை அனுப்பு, ஏலாத மாதம் விடு. அவுஸ்திரேலியா சரிவந்தால் போகுமுன் ஒரு தரம் சம்மாந்துறை மையவாடிக்குப் போய் மச்சானுக்கு ஸலாம் சொல்லு.

சந்தா பற்றி நீ இனி ஒருவருக்கும் எழுத வேண்டாம். நேற்று முஅத்தின் வந்து வாசலில் நின்று நஸ்லாவிடம் சொல்லிவிட்டுப் போனார். உன் திட்டத்தில் கணவன் மௌத்தான வீட்டுக்கு விலக்கு இருக்கிறதாம். பழைய நிலுவையும் இல்லை, இனி மாதக் காசும் இல்லை. பலகையில் 214-ஐ அழித்துவிட்டார்கள். நஸ்லா இப்போது பள்ளிக்கு முன்னால் உள்ள நேர் வழியாலேயே கடைக்குப் போகிறாள்.

துஆவுடன்,
ராத்தா ஹுஸ்னியா